பண்டைப் போர்ப் பலகை ஆட்டத்துக்கு விரிவாக்கப் பெட்டி: நீலகிரியில் புதிதாக ஆடுவோருக்கு

கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸ் என்ற பலகை ஆட்டத்தை ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் புதிதாக ஆடத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறோம். முறை வைத்து ஆடும் போர் ஆட்டம் இது. ரிச்சர்ட் போர்க் உருவாக்கியது. ஜிஎம்டி கேம்ஸ் 2006இல் வெளியிட்டது. அறுகோணக் கட்டங்கள் போட்ட பலகை, மரக்கட்டைகளில் ஒட்டிய படைகள், 60 கட்டளைச் சீட்டுகள், 7 பகடைகள். அடிப்படைப் பெட்டி பெரும்பாலும் ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த போர்களைப் பற்றியது. அதற்கு மேல் எண் போட்ட விரிவாக்கப் பெட்டிகள் ஆறு வந்திருக்கின்றன.

“எந்த விரிவாக்கத்தை முதலில் வாங்கலாம்?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். அடிப்படைப் பெட்டியில் ஒரு பத்து ஆட்டமாவது ஆடி முடியுங்கள். விரிவாக்கத்தில் வரும் புதுக் கட்டைகள் பழைய படைக்கு வைக்கிற சோதனை போன்றவை. பழைய படை என்ன செய்யும், எங்கே உடையும் என்று தெரியாதவருக்கு அந்தச் சோதனை விளங்காது. பெட்டி அலமாரியில் பூசணம் பிடிக்கும்.

கைவந்துவிட்டதா என்று பார்க்க

முதல் ஆட்டம் அடிப்படைப் பெட்டியின் முதல் போர்க்களமான அக்ரகாஸ், கி.மு. 406. இரண்டு முறை ஆடுங்கள். இரண்டாம் முறை பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் இரு தரப்பும் சமமாக இருக்காது. ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிக்கு ஒரு கணக்கு, பதினைந்து ஆட்டுக்கு வேறு கணக்கு இருக்கிறதல்லவா, அதுபோலத்தான். ஒரே பக்கம் ஆடியவருக்குப் பாதிப் போர்தான் தெரியும். அதன்பின் கன்னே (கி.மு. 216), மெட்டாரஸ் (கி.மு. 207), ஸாமா (கி.மு. 202) மூன்றையும் ஆடிவிட்டால் காலாள், குதிரை, யானை எல்லாம் பழகிவிடும்.

பகடைக் கணக்கு மனத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொரு பகடையிலும் ஆறு முகம்: பச்சை வட்டம், நீல முக்கோணம், சிவப்புச் சதுரம், வாள், தலைக்கவசம், கொடி. பச்சை இலகு படைக்கு, நீலம் நடுத்தரப் படைக்கு, சிவப்பு கனத்த படைக்கு. கைகலப்பில் எதிரியின் நிறம் விழுந்தால் அடி, அதாவது எதிரியின் ஒரு கட்டை போகும். வாள் விழுந்தாலும் அடி. தளபதி கூடவோ பக்கத்துக் கட்டத்திலோ இருந்தால் தலைக்கவசமும் அடி. கனத்த காலாளுக்கு 5 பகடை. தளபதி இல்லாமல் உருட்டினால் சராசரி ஒன்றே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. தளபதி இருந்தால் இரண்டரை. காலாள் அணிக்கு 4 கட்டை என்பதால் இந்த வித்தியாசம் ஆட்டத்தின் முடிவையே மாற்றும். இலகு காலாளின் கணக்கு நேர்மாறு: 2 பகடைதான், வாளும் அதற்கு அடியில்லை. அவர்களைக் கைகலப்பில் தள்ளுவது வீண்.

அந்த இலகு படையைப் பழைய தமிழில் சொன்னால் தூசிப்படை. முன்னால் போய் ஈட்டி எறிந்து, எதிரியின் வரிசையைக் கலைத்துவிட்டு விலகிக்கொள்வதுதான் அதன் வேலை. ஈட்டி 2 கட்டம் போகும். வில்லும் கவணும் 3 கட்டம். நகராமல் எறிந்தால் 2 பகடை, நகர்ந்தபின் எறிந்தால் 1. தொலைவிலிருந்து எறியும்போது வாள் முகம் கணக்கில் வராது. எதிரி கைகலக்க வந்தால் பின்வாங்கித் தப்பலாம். அப்போது எதிரிக்கு நிற முகம் மட்டுமே அடி, அதாவது ஆறில் ஒன்று. நின்று வாங்கினால் ஆறில் இரண்டு. புதியவர்கள் தப்ப வேண்டிய இடத்தில் நின்று அடிவாங்கியே தோற்கிறார்கள்.

கொடி விழுந்தால் பின்வாங்க வேண்டும். பக்கத்தில் நம் அணிகள் இரண்டு ஒட்டி நின்றால் ஒரு கொடியைப் பொருட்படுத்தாமல் நிற்கலாம். பின்வாங்க இடமில்லாவிட்டால், போக முடியாத கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டை போகும். ஆகவே நெருக்கமாக நில்லுங்கள், ஆனால் முதுகுக்குப் பின்னால் வழி விடுங்கள். வரிசையாக ஒட்டி நிற்கும் காலாள்களை ஒரே சீட்டில் நகர்த்தும் வரிசைக் கட்டளைச் சீட்டு கையில் வரும்போது இந்த நெருக்கத்தின் அருமை தெரியும். நடுவில் ஒரு கட்டம் விட்டுப் போனால் அந்தச் சீட்டின் பலம் அங்கேயே அறுந்துவிடும்.

இவ்வளவும் விதிப்புத்தகத்தைப் புரட்டாமல் வந்துவிட்டால் அடுத்த பெட்டிக்குப் போகலாம்.

எது முதலில்

முதலாம் விரிவாக்கம்: கிரேக்கமும் கிழக்கு நாடுகளும். நம் ஊர்க்காரருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை. மாரத்தான், காகமேலா, அலெக்சாந்தரும் போரஸும் ஜீலம் (ஹைடாஸ்பெஸ்) ஆற்றங்கரையில் மோதிய கி.மு. 326ஆம் ஆண்டுப் போர் எல்லாம் இதில்தான். ரோமானிய வரிசையை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வில்லும் குதிரையுமாக வரும் கிழக்குப் படை முற்றிலும் வேறாகத் தெரியும்.

இரண்டாவது ரோமும் காட்டுக்குடிகளும். மூன்றாவது ரோமானிய உள்நாட்டுப் போர்கள். இவை இரண்டும் பின்னாளில் ஒன்றாகச் சேர்த்தும் விற்கப்பட்டன. அடிப்படைப் பெட்டியில் வீரக்குடி (வாரியர்) அணிகளை விரும்பி ஆடியவர்கள் முதலாவதற்குப் பிறகு இரண்டாவதற்குப் போகலாம். நான்காவது பேரரசு ரோம். ஐந்தாவது பெரும்போர்களுக்கானது: பலகையும் பெரிது, ஆட்களும் கூடுதலாக வேண்டும், ஒரு பக்கத்துக்கே ஒரு தலைமைத் தளபதியும் துணைத் தளபதிகளும். நிரந்தரமாக ஆறேழு பேர் கூடும் இடத்துக்குத்தான் அது சரி. ஆறாவது ஸ்பார்ட்டா.

எந்தப் பெட்டியானாலும் அடிப்படைப் பெட்டி இல்லாமல் ஆட முடியாது. சில போர்க்களங்களுக்கு முந்தைய விரிவாக்கத்தின் கட்டைகளும் தேவைப்படும். வாங்குமுன் பெட்டியின் பின்பக்கத்தில் ‘தேவையானவை’ என்ன என்று படித்துவிடுங்கள். பாதிக் கட்டைகள் இல்லாத போர்க்களப் புத்தகம் கையில் இருந்தும் பயன் இல்லை.

மலைக்குப் பார்சல் வருவது

வாங்கும் மாதத்தைப் பாருங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மண் சரிந்தால் பார்சல் கீழேயே கிடக்கும், ஈரக் கிடங்கில். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துக்கு ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வரவழைப்பதே நல்லது. ஸ்டிக்கர் ஒட்டவும் அதுதான் காலம்.

பெட்டி வந்தவுடன் பிரிக்க வேண்டாம். சமவெளியின் வெக்கையில் மூடிய காற்று உள்ளே இருக்கும். குளிர்ந்த வீட்டில் அந்தக் காற்றிலிருக்கும் ஈரத்தை அட்டையும் ஸ்டிக்கர்த் தாளும் இழுத்துக்கொள்ளும். ஒரு ராத்திரி அறையில் வைத்துவிட்டு, மறுநாள் வெயில் ஏறியபின் உறையைக் கிழித்து, மூடியைத் திறந்து, இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள். நேர்வெயிலில் வைத்தால் பலகை வளையும். கும்முட்டி அடுப்புப் பக்கத்தில் வைத்து உலர்த்துவது அதைவிட மோசம்: ஒரு பக்கம் மட்டும் காய்ந்து அட்டை வில் மாதிரி நிற்கும், பிறகு நேராகாது.

ஸ்டிக்கர் ஒட்டுவது

கட்டைகள் வெறும் மரமாகத்தான் வரும். ஸ்டிக்கர் ஒட்டுவது உங்கள் வேலை. அடிப்படைப் பெட்டியிலேயே சுமார் 350 கட்டை. இருபுறமும் ஒட்ட வேண்டும் என்பதால் 700 ஸ்டிக்கர் அளவுக்கு வரும். ஒன்றுக்கு இருபது வினாடி என்றால் நான்கு மணி நேரம். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். கண் அசந்த பிறகு ஒட்டியதெல்லாம் கோணல்.

வேலைக்கு வேண்டியவை: நுனி தட்டையான சாமணம், உலர்ந்த பருத்தித் துணி, ஒரு வெள்ளைத் துண்டு, நல்ல வெளிச்சம். நேரம் காலை பத்தரையிலிருந்து மூன்று மணிக்குள். குளிரில் பசை இறுகிவிடும். ஊட்டியில் பனி விழுகிற ஜனவரி இரவில் ஒட்டிய ஸ்டிக்கரின் மூலை ஒரு வாரத்தில் நிமிர்ந்து நிற்கும்.

கட்டையைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். மரத்தூள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். பசை மரத்தைப் பிடிக்காமல் தூளைப் பிடித்துக்கொண்டு உரிந்துவிடும். அடுத்து, ஒரு படையின் கட்டைகளை மட்டும் பிரித்து, வெள்ளைத் துண்டின் மேல் அளவுவாரியாக அடுக்குங்கள். ஸ்டிக்கர்த் தாளில் இருக்கும் எண்ணிக்கையோடு சரிபார்த்த பிறகே முதல் ஸ்டிக்கரை உரியுங்கள். அளவை மாற்றி ஒட்டிவிட்டால் கடைசியில் கட்டை ஒன்று மிஞ்சும், ஸ்டிக்கர் வேறொன்று மிஞ்சும். உரித்து மீண்டும் ஒட்டிய ஸ்டிக்கர் நிற்பதில்லை.

சாமணத்தால் ஒரு ஓரத்தை மட்டும் பிடித்து, எதிர் ஓரத்தைக் கட்டையின் விளிம்போடு பொருத்தி, மெல்லப் படிய விடுங்கள். கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். திருப்பிப் போட்டு மறுபுறம் ஒட்டும்போது படம் தலைகீழாகாமல் பாருங்கள். கட்டையைப் பக்கவாட்டில் புரட்டினால் இரு புறமும் நேராக நிற்க வேண்டும். முதல் பத்துக் கட்டையில் இது பழகிவிடும். ஒரு படை முடிந்ததும் கட்டைகளை ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே கனமான புத்தகம் ஒன்றை ஒரு ராத்திரி வையுங்கள். கூடுதலாகச் சில வெற்றுக் கட்டைகள் வரும். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள், தொலைந்ததற்கு ஈடாகும்.

அடிப்படைப் பெட்டியில் பகடைக்கும் ஸ்டிக்கர் உண்டு: 7 பகடை, 42 ஸ்டிக்கர். ஆறு முகத்தையும் ஒரே பகடையில் முடித்துவிட்டு அடுத்ததை எடுங்கள். எல்லாக் கொடியையும் முதலில், எல்லா வாளையும் பிறகு என்று ஒட்டினால் ஒரு பகடையில் இரண்டு கொடியும் இன்னொன்றில் கொடியே இல்லாமலும் ஆகிவிடும். அப்படி ஒரு பகடை இருந்தால் நூறு ஆட்டம் போனாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள், கணக்கு மட்டும் பொய்யாகிக்கொண்டே இருக்கும். முடித்தபின் ஏழையும் வரிசையாக வைத்து முகம் முகமாகச் சரிபாருங்கள்.

ஈரத்திலிருந்து காப்பது

இங்கே ஆட்டப் பெட்டிக்கு எலியைவிடப் பெரிய எதிரி பூசணம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நாள் கணக்கில் நின்றால் அட்டையிலும் சீட்டிலும் வெள்ளைப் பொடி தெரியத் தொடங்கும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். 45க்கும் 60க்கும் இடையில் இருந்தால் கவலையில்லை.

வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். மழைக்காலத்தில் அந்தச் சுவர் குளிர்ந்து வியர்க்கும். உட்சுவர்ப் பக்கம், சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டு, பெட்டியைப் படுக்கை வசமாக வையுங்கள். ஒவ்வொரு படையையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு, காற்றுப் புகாத இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு சேருங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானால், அல்லது நீல மணிகள் இளஞ்சிவப்பானால், ஈரம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும். நீல மணிகளில் கோபால்ட் உப்பு உண்டு. சமையல் வாணலியில் வறுக்கவே கூடாது. ஆரஞ்சு மணிகளையே வாங்கி, அதற்கென்று ஒரு பழைய தகரத் தட்டு ஒதுக்குங்கள். மணியை ஈரத்தோடு உள்ளேயே விட்டுவைப்பது மணியே வைக்காததற்குச் சமம்.

சீட்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை போடுவது செலவில்லை, முதலீடு. தேநீர்க் கோப்பையும் ஈரக் கையும் இல்லாத ஆட்டம் இந்த மலையில் உண்டா? ஒரு சீட்டை அளந்து பார்த்து உறை வாங்குங்கள்.

விரிவாக்கத்தில் முதல் பெரிய ஆட்டம்: ஜீலம்

முதலாம் விரிவாக்கத்தைத் திறந்தவுடன் ஜீலத்துக்குத் தாவாதீர்கள். மாரத்தானை முதலில் ஆடுங்கள். கிரேக்கக் காலாள் வரிசையின் நடை அங்கே பிடிபடும். பிறகு ஜீலம்.

களத்தை அமைக்குமுன் நடந்ததைத் தெரிந்துகொண்டால் கட்டைகள் உயிர்பெறும். அலெக்சாந்தர் மழையும் இடியுமான இரவில், முகாமிலிருந்து சுமார் 27 கிலோமீட்டர் மேலே போய் ஆற்றைக் கடந்தார். தடுக்க வந்த போரஸின் மகனுடைய தேர்கள் சேற்றில் சிக்கின. இந்திய வில்லாளிகள் ஆளுயர வில்லின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, இடக்காலால் அழுத்தி நாண் இழுப்பவர்கள்; வழுக்கும் மண்ணில் அது நிற்கவில்லை. எஞ்சியது யானை வரிசை. அந்த யானைகளைத் தாக்கியவர்களில் முக்கியமானவர்கள் ஈட்டி எறியும் இலகு காலாள்கள்.

ஆட்டத்திலும் இதேதான் நடக்கும். யானை அணிக்கு 2 கட்டை மட்டுமே. ஆனால் அது அடிக்கும்போது, எதிரி அணிக்கு எத்தனை பகடையோ அத்தனையை உருட்டும். கனத்த காலாள் மேல் பாய்ந்தால் 5 பகடை. இலகு காலாள் மேல் பாய்ந்தால் வெறும் 2. யானையைத் தூசிப்படையின் பின்னால் துரத்துவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. துரத்தப்பட்டவன் நழுவிவிடுவான், யானை தனியே முன்னால் நிற்கும், அடுத்த முறை நான்கு பக்கமும் ஈட்டி வரும்.

ஈட்டியில் அஞ்ச வேண்டியது கொடியை. 2 பகடை உருட்டினால் ஒரு கொடியாவது விழும் வாய்ப்பு 36இல் 11. பின்வாங்க நேர்ந்த யானை மதம் பிடித்ததாகக் கணக்கு. சுற்றிலும் ஒட்டி நிற்கும் அணிகள் எல்லாம், நம்மவர் பகைவர் பாராமல், அடிபடும். முதுமலை தெப்பக்காடு முகாமில் யானையைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இந்த விதியை விளக்கவே வேண்டாம்: அது திரும்பினால் யார் பின்னால் நிற்கிறார்கள் என்று பார்க்காது. மெட்டாரஸ் போரில் கார்த்தேஜின் பாகர்கள் கையில் உளியும் சுத்தியலும் வைத்திருந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். யானை சொந்தப் படை மேல் திரும்பினால் காதுகளுக்கு நடுவே, கழுத்துச் சேரும் இடத்தில், உளியை வைத்து அடித்து வீழ்த்த. அவ்வளவு அன்போடு வளர்த்தவனே அதைச் செய்ய வேண்டி வந்தது.

ஆகவே போரஸ் பக்கம் ஆடுபவர் யானைகளுக்கு இடையே ஒரு கட்டமாவது விட்டு நிறுத்தப் பாருங்கள். தொடக்க அமைப்பு நெருக்கமாக இருந்தால் முதல் இரண்டு முறையில் பிரித்துவிடுங்கள். யானைக்கு நேர் பின்னால் காலாளை வைக்காதீர்கள். முன்னால் இலகு வில்லாளிகள் திரையாகப் போகட்டும். எதிரியின் ஈட்டிக்காரர்கள் பின்வாங்கியபின் யானையை ஒரே அடியாகக் கனத்த காலாள் மேல் விடுங்கள். ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒவ்வொன்றாகப் போகும்.

அலெக்சாந்தர் பக்கத்துக்கு அவசரம் ஆகாது. நடுவில் காலாள் வரிசையை நகர்த்தாமல் நிறுத்தி, ஈட்டிக்காரர்களால் யானைகளை இரண்டு மூன்று முறை சீண்டுங்கள். குதிரைப்படையை ஓரத்தில் திரட்டுங்கள். எதிரி அணி அழிந்தாலோ பின்வாங்கினாலோ குதிரைகள் அந்தக் கட்டத்துக்குள் முன்னேறி மறுமுறையும் அடிக்கலாம். அந்த இரண்டாவது அடிதான் குதிரையின் மதிப்பு. தளபதியைக் குதிரையோடு சேர்க்கத் தயங்காதீர்கள். கூட இருக்கும் அணி கட்டை இழந்தால் தளபதி சாக 2 பகடையிலும் தலைக்கவசம் விழ வேண்டும், 36இல் ஒன்று. ஆனால் அந்த அணி முழுதும் அழிந்தால் ஒரே பகடை, ஆறில் ஒன்று. தளபதி போனால் எதிரிக்கு ஒரு வெற்றிக்கொடியும் (ஆட்டத்தை வெல்ல எண்ணும் புள்ளி) கிடைக்கும். எனவே ஒரே கட்டையாகச் சுருங்கிய அணியோடு தளபதியை விட்டுவைக்க வேண்டாம்.

ஆட்டம் ஒரு மணி நேரம். அடுக்குவதற்கு இருபது நிமிடம், விரிவாக்கத்தில் கொஞ்சம் கூடும். மழைக்கால மாலைகளில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மூன்று மணிக்குள் தொடங்கிவிடுங்கள். பாதியில் நிறுத்த வேண்டியிருந்தால் பலகையை மேலிருந்து ஒரு படம் எடுத்து, இருவர் கைச்சீட்டுகளையும் தனித்தனி உறையில் போட்டு மேலே பெயர் எழுதி வையுங்கள்.

எடுத்து வைக்கும்போது படைவாரியாக எண்ணிப் பையில் போடுங்கள். இந்த ஊர் வீடுகளின் பலகைத் தரையில் இடுக்குகள் உண்டு. சின்னக் கட்டை அதில் விழுந்தால் தெரியாது. எண்ணிக்கையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பைக்குள்ளேயே வைத்துவிட்டால், குறைவது அன்றைக்கே தெரிந்துவிடும். விளக்கைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், நிழல் காட்டிக்கொடுக்கும்.